பயறுதான் காரணம் என்றார்

பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்புறம் மூன்று படி இறங்கினால் எங்கள் பட்டறை. ஒரே ஜன்னல், அதன் கீழே இரண்டு மேசைகள். ஒன்று என்னுடையது. நோயாளியின் வாயில் எடுத்த அளவில் பிளாஸ்டரை ஊற்றி அச்சு எடுப்பது என் வேலை. இன்னொன்றில் அவர் இருப்பார். அந்த அச்சின் மேல் இளஞ்சிவப்பு மெழுகால் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நட்டு, சிரித்தால் எப்படித் தெரியும், மென்றால் எங்கே இடிக்கும் என்று பார்த்துப் பார்த்துச் செதுக்குவார். அதனால் எல்லோருக்கும் அவர் மெழுகக்கா. என்னைவிட ஏழு வயது மூத்தவர். என்னைத் தம்பி என்று கூப்பிடுவார், கோபம் வந்தால் சார் என்பார்.

தெருவில் யாராவது எதிரே சிரித்துக்கொண்டு வந்தால் அக்கா அவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். "அது நம்ம மேல்வரிசை" என்று என் காதில் சொல்லிவிட்டு நடப்பார். வேலையில் அவ்வளவு பெருமை. கணவர் இறந்து பல வருடம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரே தங்கைதான் சொந்தம். பதினான்கு வயது இடைவெளி. தங்கையை வளர்த்தது தாயா அக்காவா என்று கேட்டால் தங்கையே யோசித்துத்தான் பதில் சொல்வாள்.

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு குளிர்காலத்தில் அக்கா காலையில் வந்ததும் முதல் வேலையாக வெந்நீர் வைக்க ஆரம்பித்தார். டீக்கு என்று நினைத்தேன். அந்த நீரில் இரண்டு கையையும் முக்கி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகுதான் கத்தியை எடுப்பார். ஒருநாள் ஆறு முன்பற்களை நட்டு முடித்த மெழுகு வரிசை அவர் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அக்கா அதைக் குனிந்து எடுக்கவில்லை. விரலை மடக்கிப் பார்த்தார். அது பாதியிலேயே நின்றது. விரல் முட்டிகள் பளபளவென்று வீங்கியிருந்ததை நான் அன்றுதான் கவனித்தேன்.

மூட்டு டாக்டரிடம் போனார். ரத்தம் எடுத்தார்கள். உடம்பில் அழற்சி எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஒரு பரிசோதனையில் பத்துக்குள் இருக்க வேண்டிய எண் நாற்பத்தொன்று என்று வந்தது. உடம்பின் பாதுகாப்புப் படையே சொந்த மூட்டுகளைப் பகையாளி என்று நினைத்துத் தின்கிற வியாதி இது, விட்டுவைத்தால் எலும்பு அரிக்கும், அரித்தது திரும்பி வராது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வாரத்தில் ஒரு நாள் மட்டும் போடுகிற மாத்திரை எழுதிக் கொடுத்தார். கூடவே சாப்பாட்டையும் மாற்றச் சொன்னார். தினமும் ஒரு கிண்ணம் ஏதாவது பயறு: ராஜ்மா, கொண்டைக்கடலை, பாசிப்பயறு, காராமணி, எதுவானாலும் சரி. அதிலுள்ள நார்ச்சத்து குடலில் இருக்கும் நல்ல கிருமிகளுக்குத் தீனி, அவை அதை நொதிக்க வைத்து உண்டாக்கும் பொருள் அழற்சியைக் கொஞ்சம் தணிக்கும், ஆனால் அது மாத்திரைக்குத் துணைதான், மாற்று இல்லை. இந்தக் கடைசி வரியை டாக்டர் இரண்டு தடவை சொன்னாராம். அக்காவே பிற்பாடு என்னிடம் சொன்னது இது.

அப்போது அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நானாகத்தான் கண்டுபிடித்தேன். பிளேடு தேடி அவர் மேசை இழுப்பறையைத் திறந்தபோது மாத்திரை அட்டை கையில் அகப்பட்டது. கூடவே வந்த தாளில் புற்றுநோய்க்கும் இதைக் கொடுப்பார்கள் என்று இருந்தது. தாளை மடித்துத் திரும்பினேன். அக்கா பின்னால் வந்து நின்றிருந்தார்.

"அது இல்ல தம்பி. மூட்டு வியாதிக்குக் கொஞ்சமாத்தான் குடுப்பாங்க. ஆனா இந்தத் தாளை வேற யாராவது படிச்சா என்னை உயிரோட பொதைச்சிடுவாங்க. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

அந்தப் பயம் வெறும் பேச்சுக்கு அல்ல. எங்களோடு பாலிஷ் போடுகிறவர் ஒருவர் இருந்தார். கை நடுங்குகிறது, வைத்தியம் பார்க்கிறேன் என்று பல் டாக்டரிடம் உள்ளதைச் சொன்னார். அடுத்த வாரம் அவர் ஸ்டூல் காலியாக இருந்தது. அக்கா அந்த ஸ்டூலைப் பார்க்காத நாள் இல்லை. தசைப்பிடிப்பு என்று சொல்லி மூன்று வாரம் விடுப்பு எடுத்தார். நான் மூச்சு விடவில்லை. இதை எழுதும்போது அந்த வாக்கு என்னை உறுத்துகிறது.

மாத்திரை வேலை செய்யத் தொடங்க இரண்டு மாதம் ஆனது. பயறு முதல் நாளிலிருந்தே வேலை செய்தது, ஆனால் வேறு விதமாக. ஒரே ஜன்னல் உள்ள பட்டறையில், தினம் ஒரு கிண்ணம் ராஜ்மா பழகாத வயிற்றோடு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. "காத்து வரட்டும்" என்று சொல்லி நானே ஜன்னலைத் திறந்து வைப்பேன். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வடிப்பார். பிறகு சமைக்கிற பக்குவம் கைவந்தது. முதல் நாள் மாலையே ஊறப்போட்டு, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கவிட்டு, நசுக்கினால் மாவாகும் வரை வேகவைத்துக் கொண்டுவருவார். எனக்கும் ஒரு கிண்ணம். நன்றாகத்தான் இருந்தது.

ஐந்தாவது மாதம் அந்த எண் எட்டுக்கு இறங்கியது. விரல் மடங்கியது. மெழுகு பழையபடி அவர் சொன்ன பேச்சைக் கேட்டது.

அந்த மாதமே ஒருநாள் மதியம் பல் டாக்டர் ஒரு நோயாளியோடு படி இறங்கி வந்தார். அக்கா செய்த பல் செட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆறு மாசத்துக்கு முன்னால் உங்கள் வேலையே தள்ளாடியது, இப்போது மறுபடி கை வந்துவிட்டதே, என்ன செய்தீர்கள் என்று கேட்டார். அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையில் பயறு டப்பா. ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு டப்பாவைத் தூக்கிக் காட்டினார்.

"இதுதான் டாக்டர். வேற ஒண்ணும் இல்ல."

அந்த "வேற ஒண்ணும் இல்ல" என்பதைச் சொல்லாமல் விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. இதுதான் என்று நிறுத்தியிருந்தால் பாதி உண்மையாகவாவது இருந்திருக்கும்.

பல் டாக்டருக்கு இயற்கை வைத்தியம் என்றால் உயிர். மறுநாளே காத்திருப்பு அறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டினார். 'எங்கள் பட்டறைப் பெண்மணியின் வீங்கிய விரல்களை நிமிர்த்திய பயறு' என்று பெரிய எழுத்தில் தலைப்பு. கீழே செய்முறை. மருந்தே இல்லாமல் என்ற வார்த்தையை அவராகச் சேர்த்துக்கொண்டார். வருகிறவர்கள் பல்வலியை மறந்து அதைப் படித்தார்கள், போனில் படம் பிடித்தார்கள். சிலர் படி இறங்கி வந்து அக்காவின் கையையே பிடித்துப் பார்த்தார்கள். முதலில் கூச்சப்பட்டார். பிறகு எந்தப் பயறு எத்தனை மணி நேரம் ஊற வேண்டும் என்று விளக்கம் சொல்லத் தொடங்கினார். வாழ்நாள் முழுக்க மற்றவர் வாய்க்குள் ஒளிந்திருக்கிற வேலை செய்தவருக்கு, தன் பெயரைச் சொல்லித் தேடி வருகிறவர்கள் புதிதாக இருந்தார்கள். நான் குனிந்து பிளாஸ்டர் கலக்கிக்கொண்டிருப்பேன்.

அதற்கடுத்த வருடம் தங்கைக்கும் அதே வியாதி வந்தது.

அவள் ரொட்டிக் கம்பெனியின் வேன் ஓட்டுகிறவள். விடிந்ததும் கடைகள், கேண்டீன்கள் என்று முப்பது இடங்களில் தட்டுகளை இறக்கிவிட்டு, வியாழக்கிழமைகளில் எங்கள் பட்டறைக்கும் ஒரு பை ரொட்டியோடு வந்து அரட்டை அடித்துவிட்டுப் போவாள். வாய் ஓயாது. அவளுக்கும் அதே மூட்டு வியாதி, அதே வாராந்திர மாத்திரை. ஆனால் டாக்டர் வேறு. மாத்திரை போட்ட மறுநாள் முழுக்க அவளுக்குக் குமட்டல். வேனுக்குள் சூடான ரொட்டி வாசனையோடு உட்கார்ந்திருப்பது நரகமாக இருந்தது என்றாள். ஐந்து வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுச் சமையலறையில் நின்று அவள் கேட்டிருக்கிறாள், நீ மாத்திரை ஏதும் போடாமல்தானே சரியானாய், நானும் நிறுத்திவிட்டுப் பயறு மட்டும் சாப்பிட்டால் போதாதா என்று. அடுப்பில் கடலை கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா மூடியைத் திறந்து கிளறினார். டாக்டரைக் கேட்டுக்கொள் என்று மட்டும் சொன்னார். டாக்டர்கள் மாத்திரையை விடச் சொல்வார்களா என்று தங்கை சிரித்தாள். அக்காவும் சிரித்தார். அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

முதல் ஒன்றரை மாதம் தங்கை நன்றாகவே இருந்தாள். போட்ட மாத்திரையின் மிச்சம் உடம்பில் இருந்திருக்கும், குமட்டல் நின்றதும் பெரிய விடுதலை. வேனில் ஒரு டப்பா ராஜ்மா வைத்துக்கொண்டு கேண்டீன்காரர்களுக்கெல்லாம் பிரசாரம் செய்தாள். பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. வியாழக்கிழமை டீ கொடுத்தால் கப்பை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, குருவியைப் பிடிப்பதுபோலத் தூக்குவாள். ஒரு வாரம் மோதிரம் இல்லாமல் வந்தாள். கழற்ற முடியாமல் நகைக்கடையில் அறுத்து எடுத்தார்களாம். பிறகு படி இறங்குவதை நிறுத்திவிட்டாள். வெளியே நின்று ஹாரன் அடிப்பாள், நான் போய் ரொட்டிப் பையை வாங்கி வருவேன். ஸ்டியரிங்கின் மேல் அவள் வலது மணிக்கட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அது மெதுவாகத்தான் வேலை செய்யும், பொறுமை வேண்டும் என்று அக்கா சொன்னதாகச் சொன்னாள். முகம் வெளுத்திருந்தது. பேச்சு குறைந்திருந்தது.

நான் உள்ளே வந்து ரொட்டியை மேசையில் வைத்தேன்.

"அக்கா, சொல்லிடுங்க."

"எதை?" என்றார், தெரியாதவர்போல. கத்தி மெழுகில் நின்றுவிட்டது. பிறகு, "இந்த ஞாயித்துக்கிழமை சொல்றேன்" என்றார்.

அந்த ஞாயிறு தங்கையின் கணவர் கூடவே இருந்தார், சொல்ல முடியவில்லை. அடுத்த ஞாயிறு தங்கை தலையைத் தூக்க முடியாமல் படுத்திருந்தாள், இந்த நிலையில் எப்படிச் சொல்வது என்று திரும்பி வந்தார். மூன்றாவது ஞாயிறு சொல்லவென்றே கிளம்பி, போகிற வழியில் இரண்டு கிலோ கொண்டைக்கடலை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். திங்கட்கிழமை இதை அவரே என்னிடம் சொன்னார். அன்று அவர் ஒரு செட்டில் இடது கோரைப்பல்லை வலது பக்கம் நட்டிருந்தார். இருபது வருடத்தில் அப்படி ஒரு தப்பை அவர் செய்ததில்லை.

தங்கையிடம் நானே சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு வியாழனும் வேன் ஜன்னல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு முழத் தூரத்தில் நின்றேன். அக்கா சொல்லட்டும், அவர் குடும்ப விஷயம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை இருக்கும். அக்காவின் போன் அடித்தது. கேட்டுக்கொண்டே எழுந்து நின்றார். மெழுகு இளக்கும் ஸ்பிரிட் விளக்கை அணைக்கவில்லை, நான்தான் அணைத்தேன். என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழி முழுக்க என் தோளைப் பிடித்திருந்த அவர் விரல்களின் இறுக்கம் எனக்குத் தெரிந்தது. அவை நன்றாகவே பிடித்தன.

நடந்தது இதுதான். ஒரு அலுவலகக் கேண்டீனுக்கு முன்னால் தெரு சரிவாக இருக்கும். தங்கை வேனை நிறுத்தினாள். கியரை மாற்றினால் இடது கையிலும் உயிர் போகிறது என்று அதை நியூட்ரலிலேயே விட்டாள். ஹேண்ட் பிரேக்கை அதே கையால் இழுத்தாள். அது முழுதாக ஏறவில்லை, அவள் ஏறியதாக நினைத்தாள். இறங்கிப் பின்கதவைத் திறக்கும்போது வேன் நகர்ந்தது. கீழே பேருந்து நிறுத்தத்தில் ஆறேழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் கத்திக்கொண்டே ஓடி முன்கதவின் கைப்பிடியைப் பிடித்தாள். வீங்கிய விரல்கள் மாட்டிக்கொண்டன, விட முடியவில்லை. வேன் அவளை இழுத்துக்கொண்டே போய், நிறுத்தத்துக்கு இரண்டடி முன்னால் விளக்குக் கம்பத்தில் மோதி நின்றது. நின்றிருந்தவர்களில் யாருக்கும் கீறல்கூட இல்லை. தெரு முழுக்க ரொட்டி உருண்டு கிடந்ததாம்.

அவசரப் பிரிவில் திரை போட்ட ஒரு கட்டிலில் படுத்திருந்தாள். வலது கை முறிந்திருந்தது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இளவயதுப் பெண் அவர், குரலை உயர்த்தவில்லை. இந்த முறிவு இன்றைக்கு ஆனது, ஆனால் மணிக்கட்டில் பூச்சி அரித்ததுபோல இருக்கிறதே, இது மாதக்கணக்கில் நடந்திருக்கிறது, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டார்.

"நிறுத்தி எட்டு மாசம் ஆச்சு" என்றாள் தங்கை. "பயறு சாப்பிடறேன். எங்க அக்காவுக்கு அதுலதான் சரியாச்சு. மாத்திரையே போடாம." நல்ல கையால் அக்காவைக் காட்டினாள்.

டாக்டர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள்.

"நான் போடறேன்" என்றார் அக்கா.

தங்கைக்கு முதலில் புரியவில்லை. "என்ன போடறே?"

"மாத்திரை. வாரா வாரம்."

"எப்பலேருந்து?"

"மொதல்லேருந்தே."

தங்கை அக்காவைக் காட்டியிருந்த கையைக் கீழே இறக்கினாள். அவள் திட்டுவாள், அழுவாள் என்று நான் காத்திருந்தேன்.

"நான் கேட்டேனே அக்கா" என்றாள் கடைசியில். "உன் அடுப்புகிட்ட நின்னு கேட்டேனே."

அக்கா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் எக்ஸ்ரேயை உறையில் போட்டுவிட்டு, பயறு நல்ல சாப்பாடுதான், அதை விட வேண்டாம், ஆனால் நெருப்புப் பிடித்த வீட்டில் ஜன்னலைச் சாத்தினால் மட்டும் போதாது, இன்றே மாத்திரையைத் தொடங்க உங்கள் மூட்டு டாக்டரிடம் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். தங்கை தன் கணவர் வரும்வரை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை அக்கா பல் டாக்டரின் அறைக்குள் போய் எல்லாவற்றையும் சொன்னார். அவர் எழுந்து போய் அந்தத் தாளைத் தன் கையாலேயே கிழித்தார். அக்காவை அனுப்பவில்லை. ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டார். அக்கா பாலிஷ்காரரின் ஸ்டூலைச் சொன்னார். டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஆனால் இரண்டு மாதம் கழித்து மெழுகு வேலைக்கு இன்னொரு பெண்ணைச் சேர்த்தார், அக்காவுக்கு உதவி என்று சொல்லி. முன்பற்கள் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பெண்ணிடம் போயின. அக்கா கடைவாய்ப் பற்களை நட்டார், முணுமுணுக்கவில்லை.

தங்கை மாத்திரைக்குத் திரும்பினாள். இந்த முறை குமட்டலுக்கும் மருந்து கொடுத்தார்கள். கேட்டிருந்தால் முன்பே கொடுத்திருப்பார்களாம். வீக்கம் வடிந்தது. ஆனால் அரித்த எலும்பு அரித்ததுதான். வலது மணிக்கட்டு சாய்ந்தபடியே இறுகிவிட்டது. வேன் போயிற்று. ரொட்டிக் கம்பெனியிலேயே ஆர்டர் எடுக்கும் வேலை கொடுத்தார்கள், நாள் முழுக்கக் காதில் போனோடு. அக்கா வாரம் தவறாமல் அவள் வீட்டுக்குப் போவார். தங்கையின் கணவர் கதவைத் திறப்பார், உள்ளே விடுவார், டீ கொடுப்பார். தங்கை அடுத்த அறையிலிருந்து வெளியே வர மாட்டாள். இப்படிப் பத்து மாதம்.

இதற்கிடையில், கிழித்த தாள் சாகவில்லை என்பது எங்களுக்குத் தெரிய வந்தது. அன்று படம் பிடித்தவர்கள் அதை அனுப்பியிருந்தார்கள், வாங்கியவர்கள் மற்றவர்களுக்கு அனுப்பியிருந்தார்கள். என் மைத்துனரின் போனுக்கு வந்தபோது அது 'முப்பது நாளில்' என்று மாறியிருந்தது. என் வீட்டு மாடியில் இருப்பவருக்கு வந்தபோது 'டாக்டர்கள் மறைக்கும் உண்மை' ஆகியிருந்தது. படி இறங்கி வந்து கையைப் பிடித்துப் பார்த்தவர்களின் பெயரை அக்கா ஒரு நோட்டில் நினைவுபடுத்தி எழுதி, கிளினிக் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொன்னார். சிலர் நன்றி சொன்னார்கள். சிலர் எரிந்து விழுந்தார்கள். ஒரு பெண், தன் சித்தி மகளுக்கு இதைச் சொன்னதாகவும், அவள் வேறு ஊரில் மாத்திரையை நிறுத்திவிட்டதாகவும், இப்போது அவள் நம்பர் மாறிவிட்டதாகவும் சொன்னாள். மற்ற வரிகளில் 'சொல்லியாச்சு' என்று குறித்த அக்கா, அந்த வரிக்குப் பக்கத்தில் எதுவும் எழுதாமல் விட்டிருந்தார்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, தங்கை படி இறங்கி வந்தாள். பஸ்ஸில் வந்திருந்தாள். புதிதாகச் சேர்ந்த பெண் யாரோ நோயாளி என்று நினைத்து மேலே போகச் சொன்னாள். அக்கா எழுந்தார், நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தார். தங்கை உட்கார்ந்து, ரத்தப் பரிசோதனையில் இந்த முறை ஏழு என்றாள். பிறகு இடது கையால் போனை எடுத்து அக்காவின் முன்னால் வைத்தாள். ஆர்டர் எடுக்கிற எண்ணுக்கு ஒரு கடைக்காரர் தவறுதலாக அனுப்பிய செய்தி. அதே தாள். இப்போது அதில் யாருடையதோ நிமிர்ந்த விரல்களின் படமும் சேர்ந்திருந்தது.

"நீயே பதில் எழுது" என்றாள்.

அக்கா எழுதினார். இதில் வரும் பெண் நான்தான், நான் ஆரம்பம் முதல் மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறேன், அதை மறைத்தேன், பயறு சாப்பிடுங்கள், ஆனால் யாரும் மருந்தை நிறுத்தாதீர்கள். எழுதி முடிக்க நேரமானது. அனுப்பிய பிறகு மூவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பதில் உடனே வந்தது. எங்க அம்மா நிறுத்தி அஞ்சு மாசம் ஆகுது, இப்ப கண்ணு வேற செவந்து வலிக்குதுங்கறாங்க, நீங்க நிஜமாவே அவங்கதானா என்று கேட்டிருந்தார் அந்தக் கடைக்காரர்.

தங்கை நாற்காலியை அக்காவின் மேசைப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எழுதிட்டிருக்காத. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு சொல்லு. போன் பண்ணு."

அக்கா எண்ணை அழுத்தினார். அந்தப் பக்கம் மணி அடிக்கத் தொடங்கியது.